ரயில்வே கேட் திறக்கிற வரைக்கும்

என் கல்யாணப் பேச்சை இடைவேளை வரைக்கும் கேட்டுவிட்டு எழுந்து போனவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதி படித்த பிறகு நீங்களாகவே கண்டுபிடித்து, இப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்று யோசிக்க வேண்டியதில்லை. இருந்தான். பம்புசெட் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தான்.

மடத்தனம் ஒரே நாளில் வந்துவிடாது. நானும் சின்ன வயதிலிருந்தே பழகித்தான் வந்தேன். கதைப் புத்தகம் கையில் கிடைத்தால் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவேன். பல புத்தகங்களில் முதல் பக்கத்துக்கு வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, ஒரே முற்றத்தைச் சுற்றி வீடுகள் இருந்த எங்கள் வளவில், எல்லாரும் சேர்ந்து வீடியோ டெக்கு வாடகைக்கு எடுப்போம். ரிமோட் என் கையில் இருக்கும். பாட்டு வந்தால் வேகமாக ஓட்டுவேன், அழுகை வந்தால் ஓட்டுவேன், கதாநாயகன் மாடிப்படி ஏறினால் அதையும் ஓட்டுவேன். ஒரு படம் பார்க்கிற நேரத்தில் மூன்று படம் பார்க்கிறவன் என்று வண்ணார்பேட்டையில் நான் வேலை பார்த்த பம்புசெட் கடையில் என்னைப் பற்றி நானே பேசியிருக்கிறேன். யாரும் மாலை போடவில்லை.

இப்படிப்பட்டவனுக்குப் பக்கத்து வீட்டில் மதினி குடியிருந்தாள்.

எனக்கு அண்ணன் கிடையாது. ஆனால் திருநெல்வேலி டவுணில் எங்கள் வளவில் இருந்த எல்லாருக்கும் அவள் மதினிதான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு, புருஷன் பஸ் கண்டக்டர். நாள் பூராவும் 'ரைட்', 'ஹோல்டான்' என்று இரண்டு சொல்லில் பிழைப்பை நடத்திவிட்டு வருகிற அண்ணாச்சி வீட்டில் அந்த இரண்டையும்கூடச் சொல்ல மாட்டார். பேச்சையெல்லாம் மதினியே பார்த்துக்கொண்டாள்.

மதினி படம் பார்த்துவிட்டு வந்து கதை சொல்வாள். இதில் ஒன்றும் அதிசயம் இல்லை, ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். ஆனால் ஒரு படம் ஓடுகிற நேரம் எவ்வளவோ, மதினி அதைச் சொல்கிற நேரமும் அவ்வளவு. கூடாது, குறையாது. பிள்ளைபெற்று வீட்டோடு கிடந்த போஸ்ட்மேன் வீட்டு அக்காவுக்கு முதல் தடவை ஒரு படத்தைச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். நகைக்கடை ஸ்லைடிலிருந்து ஆரம்பித்தாள். பிறகு பல்பொடி விளம்பரம். அப்புறம் எழுத்துப் போட்டது. எழுத்துப் போடும்போது என்ன மியூசிக் என்று வாயாலேயே வாசித்தாள். பாட்டு வந்தால் இரண்டு சரணமும் உண்டு. கதாநாயகி ஜன்னல் பக்கம் நின்று யோசித்தாள் என்றால், மதினி அந்த நேரம் முழுக்கப் பேசாமல் அவள் யோசித்த மாதிரியே இருப்பாள். நாங்கள் காத்திருக்க வேண்டும்.

"மதினி, அப்புறம் என்னாச்சு?" என்று நான் கேட்டேன்.

"இன்னும் யோசிக்கா" என்றாள் மதினி.

பாதியில் நிறுத்தி, "இடைவேளை" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் முறுக்குத் தட்டோடு வருவாள். எல்லாரும் தின்று முடித்த பிறகு, "பெல் அடிச்சாச்சு" என்பாள். அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

படத்தில் 'ஆறு மாதங்களுக்குப் பிறகு' என்று எழுத்துப் போட்டால்தான் மதினிக்குக் கோபம் வரும். "அந்த ஆறு மாசமும் இவ எங்கன இருந்தா? என்ன தின்னா? யார் வீட்டுல படுத்தா? ஒண்ணுஞ் சொல்ல மாட்டாவ. நாம துட்டுக் குடுத்துத்தானே போறோம்" என்பாள். ஒரு படத்தில் சின்னப் பையன் ஓட ஆரம்பிக்கிறான், ஓடிக்கொண்டே பெரியவனாகிவிடுகிறான். அந்த இடத்தில் மதினி வெகுநேரம் நின்றுவிட்டாள்.

"ஓடுதான்... ஓடுதான்..."

"எப்பம் மதினி பெரியவனாவான்?"

"அவ்வளவு தூரம் ஓடணும்லா" என்றாள். படம் எடுத்தவர்கள் மறைத்த வருஷங்களுக்கு மதினிதான் ஏதாவது மரியாதை செய்ய வேண்டியிருந்தது.

நான் ரிமோட்டை அமுக்கும்போதெல்லாம் திரையில் ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள். மதினி அதைப் பார்த்து, "அந்தப் பிள்ளை என்னமோ சொல்லிட்டு இருந்தா. அதைக் கேக்காம இப்பிடி விரட்டுதியே" என்பாள். திட்டுகிற மாதிரி இருக்காது. விரட்டப்பட்டவளுக்காகப் பேசுகிற மாதிரிதான் இருக்கும்.

டிவியில் வாரத்துக்கு ஒருநாள் வருகிற தொடரையும் சொல்வாள். கரண்டு போய்ப் பார்க்காமல் விட்டவர்கள் மறுநாள் காலையில் மதினியிடம் வருவார்கள். விளம்பரங்களோடு சேர்த்துச் சொல்வாள். சோப்புக்கு ஒருமுறை, தேயிலைக்கு ஒருமுறை. 'தொடரும்' வந்த இடத்தில் நிறுத்துவாள். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த ஒருத்தி இரண்டு வாரத்தையும் சேர்த்துச் சொல்லச் சொன்னாள். மதினி முதல் வாரத்தைச் சொல்லிவிட்டு, "அடுத்த வியாழக்கிழமை வாட்டி" என்று அனுப்பிவிட்டாள். அவளும் வந்தாள். அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

மதினிக்குப் பிடித்தமான நிகழ்ச்சி கிரிக்கெட். யார் ஆடுகிறார்கள், எதற்காக ஆடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. ஓவர் முடிந்து ஆட்கள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்துபோவதைக் காட்டுகிறார்களே, அதைத்தான் பார்ப்பாள். "நடக்கதையும் காட்டுதான் பாரு" என்று மெச்சிக்கொள்வாள். அதிலும் ஐந்து நாள் ஆட்டம் என்றால் உயிர். "அஞ்சு நாள் கதையை அஞ்சு நாளும் சொல்லுதான். இவன் யோக்கியன்." சாயங்காலம் அதையே சுருக்கி முக்கியமானதை மட்டும் காட்டினால் எழுந்துபோய்விடுவாள். சோற்றை வைத்துக்கொண்டு ஊறுகாயை மட்டும் பரிமாறுகிறார்கள் என்பது அவள் கட்சி.

காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் எங்கள் கடைக்கு மோட்டார் வாங்க வருவார். அவர் தம்பி துபாயிலிருந்து டிவியில் செருகி ஆடுகிற வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கிவந்தேன். திரையில் ஒரு குட்டி மனிதன் ஓடுவான், குழியைத் தாண்டுவான், மூலையில் நேரம் குறைந்துகொண்டே வரும். நான் அவனை ஓட்டிய ஓட்டத்தில் எல்லாக் குழியிலும் விழுந்தான். கல்யாண வயதில் ஒருவன் பனியனோடு உட்கார்ந்து 'ஐயோ, ஐயோ' என்று கத்துவதை வளவே வேடிக்கை பார்த்தது.

மதினியிடம் கொடுத்தோம். அவள் குட்டி மனிதனைக் கொஞ்ச தூரம் நடத்தினாள். ஒரு மேட்டில் ஏற்றினாள். நிறுத்திவிட்டாள்.

"ஏன் மதினி நிப்பாட்டுனீங்க?"

"ஏறி வந்திருக்காம்லா. மூச்சு வாங்கட்டும்."

நேரம் தீர்ந்து அவன் செத்துப்போனான். மதினி அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குழியில விழுந்து சாவுதது சரி. நிக்கவனைக் கொல்லுத கடியாரம் என்ன கடியாரம்?" என்றாள். ஆனாலும் அந்த விளையாட்டின் மேல் அவளுக்கு ஒரு மதிப்பு இருந்தது. "இங்கேயிருந்து அங்கன போகணும்னா ஒவ்வொரு அடியும் நாமதான் நடக்கணும். படத்துல மாதிரி ஏமாத்த முடியாது" என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறாள். அண்ணாச்சி தூங்கியிருந்தார்.

ஏன் இப்படி என்று ஒருமுறை நான் விளையாட்டாகக் கேட்டேன். மதினி அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்: "எங்க அம்மை போனதை எனக்குத் தந்தியில ரெண்டு வார்த்தைல சொன்னாவ. ஊருக்குப் போயி அண்ணன்ட்ட கேட்டா, 'காலைல எந்திரிச்சா, காப்பி குடிச்சா, போயிட்டா'ங்கான். காப்பிக்கும் போனதுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "காய் நறுக்கணுமா மதினி" என்று கேட்டேன்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு பெண். கீழரத வீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த என் மாமா கொண்டுவந்த சம்பந்தம். கோயிலில் ஒரு விசேஷத்தின்போது மாமா தூரத்திலிருந்து எனக்குக் காட்டியும் இருந்தார். அவள் யாரோ ஒரு கிழவி சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கிழவி பேசிக்கொண்டே இருந்தாள், அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மாமா என் முதுகில் தட்டி இழுத்துக்கொண்டு போகிற வரைக்கும் நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் எதையும் ஓட்டாமல் பார்த்தது அநேகமாக அது ஒன்றுதான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், கட்டினால் இவளைத்தான் என்று. வெளியில் "பாக்கலாம் மாமா" என்று மட்டும் சொன்னேன். கெத்து முக்கியம்.

எங்கள் பக்கத்தில் முதலில் பொம்பளையாட்கள் மட்டும் போய்ப் பேசிவிட்டு வருவார்கள். மாப்பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். என் அம்மா மதினியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனாள். பேசி முடித்துவிட்டு அம்மா கல்லிடைக்குறிச்சியில் தன் தங்கை வீட்டில் தங்கிவிட்டாள். மத்தியானம் மதினி மட்டும் திரும்பி வந்தாள். அதாவது, என் வாழ்க்கையின் முடிவு தெரிந்த ஒரே ஆள் திருநெல்வேலி டவுணில் மதினிதான்.

அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் அவள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"காலைல ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுல நல்ல கூட்டம்" என்று ஆரம்பித்தாள் மதினி.

"மதினி, சரின்னாவளா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"முத சீன்லயே முடிவக் கேப்பியா?"

"நான் கேப்பேன்."

"தெரியும்" என்றாள். "கூட்டம்னா கூட்டம். ஒங்க அம்மைக்கு மட்டும் ஒரு ஓரமா சீட்டு கெடச்சுது."

பேட்டை வந்தது. சுத்தமல்லி வந்தது. பக்கத்து சீட்டுக்காரி மடியில் இருந்த கோழி வந்தது. சேரன்மாதேவிப் பக்கம் ஒரு ரயில்வே கேட். "கேட்டு அடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு மதினி பேசாமல் இருந்தாள். நான் காத்திருந்தேன். அவள் தெருவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு சைக்கிள் போனது.

"மதினி."

"கூட்ஸு. பைய வருது."

கேட் திறந்து, வீரவநல்லூரில் ஒரு கல்யாண கோஷ்டி ஏறி, அது கல்லிடைக்குறிச்சியில் இறங்கி, ஆற்றுப் பாலத்தில் காற்று வாங்கி, ஒருவழியாக அம்பாசமுத்திரத்தில் அந்த வீட்டுக்குள் போய் உட்காருவதற்குள் எனக்கு வேர்த்துச் சட்டை நனைந்துவிட்டது. பெண்ணின் அப்பா எதிரில் உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினார். அணையில் தண்ணீர் எவ்வளவு என்று பேசினார். பிறகு தொண்டையைச் செருமினார். மதினியும் செருமினாள்.

"'மறைக்காமச் சொல்லிருதேன். போன மாசம் ஒரு இடம் வந்தது. பையன் நேர்லயே வந்தான். பிள்ளை வேண்டாம்னுட்டா. இன்னைக்கும் காலையிலேருந்து முகம் கொடுத்துப் பேசல. இதுவும் வேண்டாம்பான்னுதான் எனக்குத் தோணுது'ன்னாரு. ஒங்க அம்மை என்னப் பாக்கா. நான் ஒங்க அம்மையப் பாக்கேன். அடுப்படியில டமார்னு ஏதோ பாத்திரம் விழுது."

அப்போது தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. மதினி எழுந்தாள்.

"இடைவேளை" என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வரிசையில் ஏழெட்டுக் குடம் நின்றது. நான் படியில் தனியாக உட்கார்ந்து, என் பழக்கப்படி மீதிப் படத்தை நானே ஓட்டிப் பார்த்தேன். பெண் வேண்டாம் என்கிறாள். பாத்திரத்தை வேறு போட்டு உடைக்கிறாள். இதற்கு மேல் என்ன இருக்கிறது? அம்மா அழுதிருப்பாள், தங்கை வீட்டுக்குப் போயிருப்பாள். மதினி நல்லவள், சொல்ல மனமில்லாமல் கேட், கோழி, கூட்ஸு என்று இழுத்திருக்கிறாள். எல்லாம் பொருந்தி வந்தது. எனக்கு இதில் நல்ல பயிற்சி உண்டு.

அவர்கள் வேண்டாம் என்று சொல்லி ஊருக்குத் தெரிவதற்குள் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மானமாவது மிஞ்சும். எழுந்தேன். நேரே கீழரத வீதி போனேன்.

"மாமா, அந்தப் பொண்ணு எனக்கு வேண்டாம்" என்றேன்.

"ஏம்லே, நல்ல இடமாச்சே?"

"வேண்டாம்னா வேண்டாம் மாமா. இப்பமே சொல்லிருங்க."

மாமா என்னைப் போலவே சுறுசுறுப்பானவர். கடையில் போன் இருந்தது. பெண் வீட்டுக்கு அடுத்த உரக்கடையிலும் போன் இருந்தது. என் வாழ்க்கையில் நான் அனுப்பிய எந்தச் செய்தியும் அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்ததில்லை.

திரும்பி வந்தபோது மதினி தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே நான் உட்கார்ந்திருந்த படி காலியாக இருந்தது.

"எங்கன போன?"

"வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன் மதினி."

"யார?"

"அந்தப் பொண்ணத்தான். மாமா போன் போட்டுச் சொல்லிட்டாரு."

மதினி என்னைப் பார்த்தாள். ரிமோட்டில் ஓட்டும்போது திரையைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. திட்டுவாள் என்று நினைத்தேன்.

"உக்காரு" என்றாள். "பெல் அடிச்சாச்சு."

உட்கார்ந்தேன். மதினி இரண்டாம் பாதியைச் சொன்னாள்.

பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டு மதினி அடுப்படிக்குப் போயிருக்கிறாள். அங்கே பெண் சிந்திய மாவை அள்ளிக்கொண்டிருந்தாள். மதினியும் குனிந்து அள்ளினாள். என்ன பேசுவது என்று தெரியாமல் முந்தின நாள் டிவியில் போட்ட படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. பாதியில் கரண்டு போய்விட்டது என்றாள் பெண். மதினி மீதியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கூடத்தில் என் அம்மாவும் பெண்ணின் அப்பாவும் அணைத் தண்ணீரையே மறுபடி மறுபடி பேசிக்கொண்டிருக்க, உள்ளே பாட்டோடு, சண்டையோடு, அழுகையோடு கதை போயிருக்கிறது.

"ஒரு எடத்துலகூட 'அப்புறம்'னு கேக்கல தம்பி. நான் நிப்பாட்டுனா அவளும் நிப்பாட்டுதா. ஆறு மாசம் கழிச்சுன்னு வந்துச்சு. 'அந்த ஆறு மாசமும் அந்த அக்கா என்ன செஞ்சிருப்பா?'ன்னு கேட்டா. எனக்கு அங்கேயே இவதான்னு முடிவாயிருச்சு."

 இப்போது அவள் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் போதாது போல இருந்தது. இன்னும் இரண்டு ரயில்வே கேட் அடைத்தாலும் தேவலை.

"படம் முடிஞ்சு வணக்கம் போட்டாச்சு. எந்திரிச்சோம். 'ஒண்ணு கேக்கட்டுமா'ன்னா. கேளுன்னேன். 'போன மாசம் வந்தவரு நான் ஒரு வார்த்தை முடிக்கதுக்குள்ள மூணு வாட்டி குறுக்க பேசுனாரு. பாதியக் கேட்டுட்டு மீதிய அவரே சொல்லுதாரு. இவங்க எப்பிடி? சொன்னா முழுசாக் கேப்பாங்களா?'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க மதினி?"

மதினி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அது அம்பாசமுத்திரத்தில் பேசாமல் இருந்த நேரமா, இங்கே இருந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"கேப்பான்னு சொன்னேன்" என்றாள். "எம் பிள்ளைக மேல அடிச்சுச் சொன்னேன். 'சரி, வரச் சொல்லுங்க'ன்னா. அவ்வளவுதான் படம்."

அவள் எழுந்து உள்ளே போனாள். நான் வாசலில் இருந்தபடியே, மாமாவை மறுபடி போன் போடச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"போன்ல என்னத்தச் சொல்லுவ?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீயே போ. நின்னு நின்னு போற பஸ்ஸாப் பாத்துப் போ."

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். பஸ்ஸில் கூட்டம். பேட்டை, சுத்தமல்லி. சேரன்மாதேவிப் பக்கம் கேட் அடைத்திருந்தது. வந்தது கூட்ஸுதான், பையத்தான் வந்தது. மதினி ஒரு பெட்டிகூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போது தெரிந்தது.

கல்லிடைக்குறிச்சியில் பஸ் நின்றபோது தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா அங்கேதான் இருந்தாள். விஷயம் அதற்குள் அவள் காதுக்குப் போயிருக்கும்.

அம்பாசமுத்திரத்தில் பெண்ணின் அப்பா வாசலிலேயே மறித்தார்.

"வேண்டாம்னு போன் போட்டுச் சொல்லியாச்சு. அப்புறம் எதுக்குவே நேர்ல வந்தீரு? இன்னொரு தடவை சொல்லவா?"

"இல்ல மாமா. ஒங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

'மாமா' என்று கூப்பிட எனக்கு என்ன உரிமை என்று அவர் முகம் கேட்டது. ஆனாலும் உள்ளே போனார். உள்ளே ஏதோ பேசினார்கள். நான் நடுவில் எதையும் நானாகச் சொல்லிக்கொள்ளாமல் நின்றேன். வழக்கம் இல்லாததால் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் வந்து நிலைப்படியில் நின்றாள். கோயிலில் கிழவி பேசும்போது எப்படி நின்றாளோ அப்படித்தான் நின்றாள். மதினி ஞாபகம் வந்தது. பிள்ளைகள் மேல் அடித்துச் சத்தியம் செய்தவள்.

"நடந்தது ஒரு சின்னக் குளறுபடி" என்றேன். "உங்க நேரத்தை எடுத்துக்கல. சுருக்கமாச் சொல்லிருதேன்."

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சுருக்கமா வேண்டாம்" என்றாள்.